கார்ப் பெயர்களில் இலத்தீன் ஒலி

காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில் வழியாகக் கரூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஓடும் கார்களில் சிலவற்றின் பெயர்கள், பண்டைய ரோமானியரின் மொழியான இலத்தீனில் பிறந்தவை. ஆங்கில எழுத்துக்கூட்டலின் வழியே அவற்றைப் படித்துப் பழகியதால், தமிழெழுத்துக்கு எளிதில் வசப்படும் ஒலிகளும் அவற்றில் மறைந்துவிடுகின்றன.

ஜெர்மானியப் பொறியாளர் ஔகுஸ்ட் ஹோர்ஹ், தாம் நிறுவிய நிறுவனத்தை விட்டு 1909இல் விலகிப் புதிய நிறுவனம் தொடங்கியபோது, சொந்தப் பெயரை அதற்குச் சூட்ட இயலாமற்போகவே, ஜெர்மன் மொழியில் ‘உற்றுக்கேள்’ எனப் பொருள்படும் அப்பெயரை இலத்தீனில் பெயர்த்து ‘ஔடி’ எனச் சூட்டினார். அதன் முதலொலி ‘ஔவை’ என்னும் சொல்லின் ஔகாரமே என்பதால், ‘ஆடி’ என ஆகாரமாக்கி எழுதத் தேவையில்லை.

‘உருள்கிறேன்’ எனப் பொருள்படும் வொல்வோ, ஸ்வீடனில் 1915இல் பதிவான பெயர். அப்பெயர் தாங்கிய முதல் கார் 1927இல் வெளிவந்தது. இலத்தீனில் அதன் முதல் ஒகரம் குறில், இறுதி ஓகாரம் நெடில். தமிழ்ச் சுவடிகளில் ஒரே வடிவில் எழுதப்பட்டுவந்த இவ்விரு உயிர்களையும் வரிவடிவத்தால் வேறுபடுத்தியவர், தமிழிலக்கணத்தை இலத்தீனில் எழுதிய வீரமாமுனிவர் என்பதை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். ரோமானியர் உதடு குவித்து ஒலித்த வகரத்துக்கும் பற்கள் உரசும் ஆங்கில ஒலிக்கும் இடைப்பட்டதாகத் தமிழ் வகரம் அமைகிறது.

சுசுகி நிறுவனம் 2017இல் இந்தியாவில் அறிமுகப்படுத்திய ‘இக்னிஸ்’ காரின் பெயரே இவற்றுள் மிகுந்த சுவையுடையது. நெருப்பைக் குறிக்கும் இச்சொல் வடமொழி ‘அக்னி’க்கு உறவானது, ஆதலால், விற்பனையில் வழங்கும் உச்சரிப்பு தமிழ்ச் செவிக்கு அயலாகத் தோன்றுவதில்லை. ஆயினும், இதன் நடுவிலுள்ள மெய்யிணையைப் பிற்காலத் திருச்சபை இலத்தீன் ஞகரமாக ஒலித்தது. தமிழ்க் கத்தோலிக்கர் ‘இஞ்ஞாசியார்’ என எழுதும் புனிதரின் பெயரில் அவ்வொலி இன்றும் வாழ்கிறது. பண்டைய ரோமானியரோ அவ்விணையின் முதலெழுத்தை மூக்கொலியாக்கி ‘இங்னிஸ்’ என்றனர் என மொழியறிஞர் பலர் கருதுகின்றனர். ககரத் துணையின்றி ஙகர மெய்யை ஒலிப்பது பலருக்கு அரிதாகலாம். ஆனால் ‘ஏனுங்’, ‘சரிங்’ என்று மரியாதையோடு சொல்லை முடிக்கும் கொங்கு நாட்டாரின் நாவுக்கு அது நாள்தோறும் பழகிய ஒலியாகும்.