எழுபது வளைவுகளும் ஒரு செயினும்

நாமகிரிப்பேட்டைக்குச் சற்று முன்னால், சாலையோரப் பட்டறை ஒன்றில் வண்டியை நிறுத்தினேன். ஆத்தூரைத் தாண்டியதிலிருந்தே ஒவ்வொரு வேகத்தடையிலும் அடியில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். சென்னையிலிருந்து கிளம்புவதற்கு முந்தைய நாள்தான் ஒரு பட்டறையில் விட்டு எல்லாவற்றையும் பார்த்து எடுத்திருந்தேன். இந்தச் சாலையோரப் பட்டறையின் பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். அவர் இன்ஜினைப் பார்க்கவில்லை, ஸ்டார்ட் செய்யச் சொல்லவும் இல்லை. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, செயினின் கீழ்ப்பகுதியை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, ஏறி உக்காருங்க. உங்க எடை முழுசா இறங்கட்டும்."

உட்கார்ந்தேன். பின்னால் இருந்த பைகளையும் அவர் கையால் அழுத்தினார்.

"இப்ப குனிஞ்சு பாருங்க."

செயின் தம்பூராத் தந்திபோல விறைத்து நின்றது. "டைட்டா இருந்தா நல்லதுன்னு யாரோ வெச்சுட்டாங்க. இப்படியே மலை ஏறுனீங்கன்னா உள்ள பேரிங் போயிடும்" என்றார். ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத்துக் கோடுகளும் ஒன்றுபோல் இருக்கும்படி வைத்து, மறுபடி முடுக்கினார். பத்து நிமிட வேலைதான். கொல்லிமலை அடிவாரம்வரை சத்தம் வரவே இல்லை.

அன்று அவர் காட்டியது நல்ல இயற்பியல் பாடம். செயினை இழுக்கும் சிறிய பல்சக்கரம் இன்ஜினோடு இருக்கிறது. பின்சக்கரமோ ஸ்விங் ஆர்ம் என்ற கையின் நுனியில் மேலும் கீழும் ஆடுகிறது. அந்தக் கை ஆடும் மையமும் சிறிய பல்சக்கரத்தின் மையமும் ஒரே இடத்தில் இல்லை. அதனால் சக்கரம் மேலே ஏறும்போது இரண்டு பல்சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் மாறுகிறது. மூன்று மையங்களும் ஒரே நேர்க்கோட்டில் வரும் கணத்தில் அந்தத் தூரம் மிக அதிகம். அந்தக் கணத்துக்காகத்தான் செயினில் கொஞ்சம் தொய்வு விட்டு வைக்கிறார்கள். தொய்வு இல்லையென்றால் வேகத்தடையின் அதிர்ச்சியை ஷாக் அப்சார்பருக்குப் பதில் செயினும் கியர்பாக்ஸின் பேரிங்கும் தாங்க வேண்டியிருக்கும். எத்தனை மில்லிமீட்டர் தொய்வு வேண்டும் என்பது வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கிறது. இருவர் ஏறி, இரண்டு பை மாட்டி, நானூறு கிலோமீட்டர் போகும் க்ரூஸரில் இந்த அளவு தவறினால் விலை அதிகம்.

என்னுடைய க்ரூஸர் மீட்டியர் 350. 1950களில் திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு, 2020 நவம்பரில் வெளியிட்ட வண்டி. எடை 191 கிலோ, இருக்கையின் உயரம் 765 மி.மீ., டேங்கில் 15 லிட்டர் பிடிக்கும். 350 சி.சி.யை நடுத்தரம் என்று சொன்னால் அமெரிக்காவில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். நம் சாலைகளில், நம் வேகத்தில், அதுதான் நடுத்தரம். சிலிண்டரின் விட்டம் 72 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 85.8 மி.மீ. ஒல்லியான, உயரமான சிலிண்டர். இதில் பெரிய வால்வுகளுக்கு இடமில்லை. அதனால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதும் காற்று குறுகிய வழியில் விரைந்து உள்ளே பாய்கிறது. பெட்ரோலோடு நன்றாகக் கலக்கிறது. முறுக்குவிசையின் உச்சமான 27 நியூட்டன் மீட்டர் நிமிடத்துக்கு 4000 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. 20.2 குதிரைத்திறன் வேண்டுமென்றால்தான் 6100 சுற்றுவரை போக வேண்டும். மேல் கியரில், நிதானமான சத்தத்தோடு நாளெல்லாம் போகலாம்.

அந்த நிதானமே உரிமையாளரை ஏமாற்றவும் செய்கிறது. எல்லாம் சுகமாகப் போகும்போது எதையும் குனிந்து பார்க்கத் தோன்றுவதில்லை. இந்த வகை வண்டிகளில் பெரிய கோளாறுகள் பலவும், சத்தம் போடாமல் நடக்கும் சின்னத் தேய்மானத்தில்தான் தொடங்குகின்றன.

செயினையே எடுத்துக்கொள்ளுங்கள். 'செயின் நீண்டுவிட்டது' என்கிறோம். இரும்பு ரப்பர்போல இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள பின் தேய்கிறது, அதைச் சுற்றியுள்ள குழலும் தேய்கிறது. ஒரு கண்ணியில் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. நூறு கண்ணிகள் சேர்ந்தால் அது 5 மி.மீ. கண்ணிகளின் இடைவெளி கூடியபின் பல்சக்கரத்தின் பற்களோடு பொருந்தாது; செயின் பல்லின் மேல்பக்கம் ஏறி உட்காரும்; பற்கள் அரிவாள் மூக்குபோல ஒரு பக்கமாக வளையும். அந்தப் பற்களில் புதுச் செயினை மட்டும் மாட்டினால் அதுவும் சீக்கிரம் கெட்டுவிடும். செயினையும் இரண்டு பல்சக்கரங்களையும் செட்டாக மாற்றச் சொல்வது கடைக்காரரின் வியாபாரத் தந்திரம் இல்லை.

இந்தச் செயின்களில் பின்னுக்குத் தேவையான கிரீஸைத் தொழிற்சாலையிலேயே அடைத்து, பொடி ரப்பர் வளையங்களால் மூடிவிடுகிறார்கள். நாம் மேலே அடிக்கும் ஸ்பிரே அந்தப் பின்வரை போவதே இல்லை. ரப்பர் காயாமலும், வெளியே துரு ஏறாமலும், உருளைகள் பற்களில் உரசாமலும் இருக்கத்தான் அது. கம்பிப் பிரஷ் வைத்துத் தேய்த்தாலோ பெட்ரோல் ஊற்றிக் கழுவினாலோ அந்த வளையங்கள் பழுதாகும். உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறினால் திரும்ப ஏற்ற வழியில்லை. சுமார் 500 கி.மீ.க்கு ஒருமுறை, ஓட்டி முடித்த சூட்டோடு துடைத்து ஸ்பிரே அடித்தால் போதும். மழையிலோ கடற்கரைச் சாலையிலோ ஓட்டினால் அன்றே செய்துவிடுவது நல்லது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை அணைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றிச் செய்யுங்கள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று முதல் கியரில் ஓடவிட்டு, துணியால் செயினைப் பிடித்துத் துடைத்து விரல்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

கொல்லிமலைக்கு வருவோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது இன்ஜினுக்குச் சோதனை என்றால், இறங்கும்போது பிரேக்குக்கு. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். வண்டி, நான், பைகள் எல்லாம் சேர்த்து 280 கிலோ. இறங்கும் உயரம் ஏறத்தாழ 1000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மலை உச்சியில் சேர்ந்திருந்த ஆற்றல் சுமார் 27 லட்சம் ஜூல். அடிவாரத்தில் வண்டி நிற்கும்போது அத்தனையும் வெப்பமாகிப் போயிருக்க வேண்டும். ஒன்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு வெப்பம் அது. இன்ஜினும் காற்றும் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். மிச்சம் முழுவதும் முன்னால் 300 மி.மீ., பின்னால் 270 மி.மீ. விட்டமுள்ள இரண்டு பிரேக் தட்டுகளின் தலையில்.

அந்தச் சூடு, தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் வழியாக பிரேக் ஆயிலுக்குப் போகிறது. பெயர்தான் ஆயில், உண்மையில் அது கிளைக்கால் வகைத் திரவம், காற்றின் ஈரத்தைத் தானாகவே உறிஞ்சிக்கொள்ளும். புத்தம்புது டாட் 4 திரவம் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில் அதே விதி கேட்பது 155 டிகிரிதான். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால்தான் நம் விரல் விசை பிரேக் பேடுவரை போய்ச் சேர்கிறது. கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகிவிட்டால் அந்தக் குமிழ்தான் சுருங்கும். லீவர் கைப்பிடிவரை வரும், வண்டி நிற்காது. நம் கடலோர ஊர்களின் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வதற்கு இதுதான் காரணம். ஓடிய கிலோமீட்டர் குறைவு என்பது இங்கே செல்லாத வாதம். வண்டி நின்றாலும் ஈரம் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வதும் இதே இயற்பியல்தான். த்ராட்டிலை மூடிவிட்டால் பிஸ்டன் அடைத்த வழியில் காற்றை இழுக்கப் போராடுகிறது; அந்தப் போராட்டம் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குபவர்கள் இந்த உதவியைத் தூக்கி எறிகிறார்கள். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில், கியரில் இருந்து த்ராட்டிலை மூடினால் பெட்ரோல் முழுதாக நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமலிருக்க அது செலவாகிறது. ஆபத்தோடு நஷ்டமும்.

டயரில் நாம் செய்யும் தவறு வேறு மாதிரி. மதிய வெயிலில், நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டியபின் பங்கில் காற்று பார்க்கிறோம். காலையில் 30 டிகிரியில் 32 பி.எஸ்.ஐ. இருந்த டயர், உள்ளே 60 டிகிரி சூடேறியதும் 36-க்கு மேல் காட்டும். 'அதிகமாக இருக்கிறதே' என்று இறக்கிவிட்டால், ஆறியபிறகு 28-க்கும் கீழே போய்விடும். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் நசுங்கும், அதனால் இன்னும் சூடாகும். சுமை ஏற்றிய க்ரூஸரின் பின் டயர் சாலையைத் தொடும் பரப்பு ஓர் உள்ளங்கை அளவுதான். வளைவில் நம்மைப் பிடித்து வைத்திருப்பது முன்னும் பின்னுமாக அப்படி இரண்டு உள்ளங்கைகள்தான். காலையில், டயர் ஆறியிருக்கும்போது, சொந்தமாக ஒரு கேஜ் வைத்துப் பாருங்கள். டயரின் வயதையும் பாருங்கள்: பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1423 என்றால் 2023ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்தது.

இன்ஜின் ஆயிலைப் பற்றி ஒன்றே ஒன்று: கிளட்ச் தட்டுகளும் அதே ஆயிலில்தான் ஊறுகின்றன. கார்களுக்கான ஆயில்களில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள்கள் கிளட்சை வழுக்க வைத்துவிடும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வாங்கி வைத்துவிட்டு ஓட்ட நேரமில்லாதவர்கள், ஞாயிறு காலை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதைப் பராமரிப்பு என்று நம்புகிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. இன்ஜின் நன்றாகச் சூடாகாவிட்டால் அதில் ஒரு பங்கு சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கிவிடும். ஸ்டார்ட்டர் எடுத்த மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பித் தரவும் அந்த ஐந்து நிமிடம் போதாது. ஸ்டார்ட் செய்தால் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

நாமகிரிப்பேட்டைப் பெரியவர் அன்று ஐம்பது ரூபாய்தான் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது முன் பிரேக் லீவரை இரண்டு முறை அழுத்திப் பார்த்து, "ஆயில் எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உங்களிடமும் இல்லையென்றால், அடுத்த மலைப்பயணத்துக்கு முன்னால் மாற்றிவிட்டு, தேதியைக் கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.