வருத்தம் தெரியாத வருத்தம்

எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. உம்மும்மாவின் மாத்திரைகள் எல்லாம் அதற்குள்தான். சென்ற ஆண்டு ஒரு நாள் அதை எடுத்து அடுக்கும்போது சும்மா எண்ணிப் பார்த்தேன். மாதம் முடிய இரண்டு நாட்களே இருந்தன. ஆனால் 30 பிரஷர் மாத்திரைகளில் 17 மீதமிருந்தன.

"மகள், எனக்குத் தலையிடியும் இல்ல, தலைசுத்தும் இல்ல. ஒரு வருத்தமும் இல்லாம சும்மா என்னத்துக்கு மருந்து குடிக்கிற?" என்றார் உம்மும்மா. அன்று பின்னேரம் அளந்து பார்த்தோம். 174/98 என்று காட்டியது.

உம்மும்மாவின் கேள்வி நியாயமானதுபோலவே தோன்றுகிறது. அதற்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

எமது இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் குருதி, நாடிகளின் சுவர்களை அழுத்துகிறது. அதுவே குருதியமுக்கம். இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தத்தை மேல் எண்ணும், தளரும்போது உள்ளதைக் கீழ் எண்ணும் காட்டுகின்றன. 120/80 இற்குக் குறைவாக இருப்பது நல்லது. வெவ்வேறு நாட்களில் வைத்தியரிடம் அளக்கும்போது 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதை உயர் குருதியமுக்கம் என்கிறார்கள். இரண்டு எண்களில் ஒன்று கூடியிருந்தாலும் போதும்.

வெள்ளவத்தையில் தொடர்மாடிகளில் வாழும் எமக்கு இதை விளங்கிக்கொள்வது இலகு. தண்ணீர்க் குழாயில் அழுத்தம் அளவுக்கு மீறி இருந்தால் முதல் நாளே யாருக்கும் தெரியாது. குளியலறையில் தண்ணீர் நன்றாகவே வரும். உள்ளே மூட்டுகள் மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டிருக்கும். குழாய் வெடிக்கும் நாளில்தான் விடயம் வெளியே வரும். நாடிகளும் அப்படித்தான். அவை தடித்து, விறைத்து, பல ஆண்டுகள் சத்தமில்லாமல் பழுதடைகின்றன. அதன் முடிவு மூளையில் பாரிசவாதமாகவோ, இதயத்தில் மாரடைப்பாகவோ, சிறுநீரகச் செயலிழப்பாகவோ வரலாம். ஆகவே "எனக்கு ஒன்றும் இல்லை" என்ற உணர்வை நம்பி மருந்தை நிறுத்த முடியாது. அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அளவு குறைந்துவிட்டால் நிறுத்தலாமா? அதுவும் கூடாது. அளவு குறைந்திருப்பது மருந்து வேலை செய்வதால்தான். நிறுத்தினால் பெரும்பாலும் மீண்டும் ஏறிவிடும். சில மாத்திரைகளால் வரட்டு இருமல் வரலாம். சிலவற்றால் கணுக்கால் வீங்கலாம். அதை வைத்தியரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றித் தருவார். முழங்கால் வலிக்கென நாமாகவே பாமசியில் வாங்கும் சில வலிநிவாரணிகள் பிரஷரைக் கூட்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

இவ்விடத்தில் எமது நாட்டுக்கும் பங்குள்ள ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். 2016 முதல் இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப் பகுதிகளில், பிரஷர் உள்ள 2,645 பேரிடம் இது நடத்தப்பட்டது. இலங்கையில் களனிப் பல்கலைக்கழகத்தினர் இதில் பங்கேற்றனர். பாதிப் பகுதிகளில் வழமையான சிகிச்சை மட்டும் தொடர்ந்தது. மற்றப் பகுதிகளில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே சென்று பிரஷரை அளந்து, உணவு பற்றியும் மருந்து பற்றியும் பேசினார்கள். எமது நாட்டில் அந்தப் பணியைச் செய்தவர்கள், தாய் சேய் நலனுக்காக வீடு வீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தர்களே. வைத்தியர்களுக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளின் பின் வழமையான சிகிச்சைப் பகுதிகளில் மேல் எண் சராசரியாக 4 அளவில் குறைந்திருந்தது. மற்றப் பகுதிகளில் 9 குறைந்திருந்தது. முடிவுகள் 2020 இல் வெளியாகின.

இதில் புதுமையான இயந்திரம் எதுவும் இல்லை. ஒருவர் தவறாமல் வந்து, அளந்து, கேட்டார். அந்த ஒருவராக எமது வீட்டில் நாமே இருக்கலாம் அல்லவா?

அளப்பதற்கும் முறை உண்டு. அதற்கு முன் அரை மணித்தியாலத்துக்குத் தேநீரோ கோப்பியோ வேண்டாம். கதிரையில் முதுகைச் சாய்த்து, பாதங்களை நிலத்தில் ஊன்றி ஐந்து நிமிடம் அமைதியாக இருக்க வேண்டும். கை இதய மட்டத்தில் மேசைமீது இருக்கட்டும். அளக்கும்போது பேசக்கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து, திகதியுடன் எழுதி, கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும்.

உப்பு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்கு, அதாவது 5 கிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கறியில் போடுவது மட்டுமே கணக்கு அல்ல. கருவாடு, மாசிச் சம்பல், அச்சாறு, சூப் கட்டி, பாண், கடையில் வாங்கும் ரோல்ஸ் எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது. இத்துடன் நாளுக்கு அரை மணித்தியாலம் நடப்பதும் உதவும். மெரைன் டிரைவில் கடற்காற்று வாங்கியபடி நடக்க யாரும் காசு கேட்பதில்லை.

நோன்பு மாதம் வருமுன் வைத்தியரைக் கண்டு, மாத்திரையை சஹருக்கா இஃப்தாருக்கா மாற்றுவது, நோன்பு பிடிப்பது உடலுக்கு ஏற்றதா என்று கேட்டுக்கொள்வது அவசியம். நாமாகவே நேரத்தை மாற்றுவதும், மாதம் முழுவதும் விட்டுவிடுவதும் ஆபத்து.

திடீரென வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கக் கை கால் சோர்தல், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். அது இலவசச் சேவை.

இப்போது எங்கள் வீட்டுச் சுவர் நாட்காட்டியில் தினமும் ஒரு சிறு பேனை அடையாளம் விழுகிறது. உம்மும்மா மாத்திரை போட்டதும் நான் போடுவது அது. மறந்துவிட்டால் அவரே, "மகள், இண்டைக்குக் கீறல்லியா?" என்று கேட்கிறார். சென்ற கிழமை அளந்தோம். 134/82. "அப்ப இனி நிப்பாட்டலாமா?" என்று சிரித்தார். "இல்ல உம்மும்மா, மருந்து குடிக்கிறதாலதான் இந்த எண்" என்றேன்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டு பிஸ்கட் டின்னையும் ஒருமுறை திறந்து எண்ணிப் பாருங்கள்.