நல்ல விரிவுரையாளரை எதைக்கொண்டு அளப்பது? - பல்கலைக்கழகக் கற்பித்தல் விருதுகள் குறித்து

சென்ற நோன்பு விடுமுறையில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் நான் தமிழ்ச் சிறப்புப் பட்டம் படித்த பல்கலைக்கழகத்தில் எனக்கு மூன்று வருடம் இளையவர். இப்போது அங்கேயே விரிவுரையாளராக இருக்கிறார். "நானா, நம்மட சேரைக் கற்பித்தல் விருதுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி ஒரு மாதிரியாச் சம்மதிக்க வெச்சிட்டம். பழைய மாணவர்ர கடிதம் ரெண்டு மூணு வேணுமாம். நீங்க ஒரு பக்கம் எழுதித் தாங்களன்" என்றார். ஓம் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் ஒரு பழைய விடயம் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த சேர் எங்களுக்குத் தொல்காப்பியம் படிப்பித்தவர். நோட்ஸ் தரமாட்டார். ஒரு சூத்திரத்தை எடுத்தால், இளம்பூரணர் சொல்வது இது, சேனாவரையர் சொல்வது இது, இரண்டில் எது பொருந்தும் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பார். நாங்களும் பேசாமல் இருப்போம். சில நாட்களில் ஒரு மணித்தியாலத்தில் இரண்டு சூத்திரம்கூட நகராது. பருவ முடிவில் மதிப்பீட்டுப் படிவம் ஒன்று தந்தார்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி போட வேண்டும். நான் இரண்டு போட்டேன். கீழே 'குறிப்புகள் தருவதில்லை, பாடத்திட்டம் முடியவில்லை' என்றும் எழுதினேன். பெயர் எழுதத் தேவையில்லாத படிவம் என்பதால் இன்றுவரை அவருக்கு அது தெரியாது.

இரண்டு போட்ட அதே கையால் இப்போது விருதுக்குக் கடிதம் எழுத வேண்டும். இந்தச் சங்கடத்தில்தான் இத்தகைய விருதுகள் எதை அளக்கின்றன என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன். இவ்விடயத்தில் நீண்ட காலம் முயன்று, தம் தவறுகளைத் தாமே ஆராய்ந்து எழுதியும் வைத்திருப்பவர்கள் அமெரிக்கர்கள். ஆகவே இக்கட்டுரையின் பெரும்பகுதி அவர்களுடைய அனுபவமே.

ஆய்வைக் கௌரவிப்பது ஒப்பீட்டளவில் இலகு. ஆய்வுக்குத் தாள் சாட்சி இருக்கிறது. கட்டுரை எந்தச் சஞ்சிகையில் வந்தது, எத்தனை பேர் எடுத்தாண்டார்கள் என்று எண்ணலாம். முன்பின் தெரியாத வேறொரு நாட்டு அறிஞரிடம் அனுப்பி அபிப்பிராயம் கேட்கலாம். கற்பித்தலோ நான்கு சுவருக்குள் நடந்து மணியடித்ததும் கரைந்து போகிறது. எண்ணக்கூடியதற்குத்தான் பரிசும் பதவியும் போகும். பதவி உயர்வுக்காக ஆய்வு, ஆய்வுக்காக வகுப்பைச் சுருக்குவது என்ற நிலை அமெரிக்காவில் முற்றிய காலத்தில்தான், 1990 இல், கார்னகி கற்பித்தல் மேம்பாட்டு மன்றத்தின் தலைவராக இருந்த ஏர்னஸ்ட் பொயர் புலமை என்ற சொல்லையே மறுபரிசீலனை செய்து ஓர் அறிக்கை எழுதினார். புதியதைக் கண்டறிவது மட்டும் புலமையன்று, சிதறிக் கிடக்கும் அறிவைத் தொகுத்து இணைப்பதும், அதனைச் சமூகத்தின் தேவைக்குப் பிரயோகிப்பதும், கற்பிப்பதும் புலமையே என்பது அவருடைய வாதம். இன்று உலகெங்கும் கற்பித்தல் விருதுக் குழுக்கள் பேசும் பாஷையில் பாதி இவரிடமிருந்து வந்தது எனலாம்.

விருதுகள் அதற்கு முன்பே இருந்தன. 1981 இல் தொடங்கி 2015 வரை அங்கு 'ஆண்டின் பேராசிரியர்' என்ற தேசிய விருது வழங்கப்பட்டது. கார்னகி மன்றமும் அதில் பங்காளி. இளமாணி மாணவருக்குக் கற்பிப்பதை மட்டுமே அது கணக்கில் எடுத்தது. 1994 முதல் சமுதாயக் கல்லூரி தொடக்கம் பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகம் வரை நான்கு வகை நிறுவனங்களுக்கும் தனித்தனியே ஒருவரைத் தெரிந்தார்கள். இதில் எனக்குப் பிடித்தது, இப்போது படிக்கும் மாணவரோடு படித்து வெளியேறியவரின் ஆதரவுக் கடிதத்தையும் கேட்டமை. ஏன் பிடித்தது என்பது பின்னால் தெரியவரும்.

இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவில் இளம் விரிவுரையாளர் ஒருவர் சுமார் ஆறு ஆண்டுகள் தம்மை நிரூபித்த பிறகே நிரந்தர நியமனம் கிடைக்கும். அதற்குள் சிறந்த ஆசிரியர் விருது வாங்கிவிட்டால் ஆள் தொலைந்தான் என்று அங்கே ஒரு பேச்சு இருக்கிறது. 'இவ்வளவு நேரத்தை வகுப்பில் செலவழித்தவர் ஆய்வில் என்னத்தைக் கிழித்திருப்பார்' என்று குழுவில் உள்ளவர்கள் நினைப்பார்களாம். பொன்னாடை போர்த்தி அனுப்பிவைப்பது நமக்கு மட்டும் தெரிந்த கலையல்ல போலும்.

சரி, தெரிவதுதான் எப்படி? பெரும்பாலும் மாணவர் படிவத்தைக் கொண்டுதான். அமெரிக்காவில் பேர்டியூ பல்கலைக்கழகத்தின் ஹேர்மன் ரெமர்ஸ் போன்றவர்கள் 1920களில் இதனை முறைப்படுத்தினார்கள். நூறு வருடமாக அது ஓடுகிறது. அதன் பலவீனத்தைக் காட்டிய ஒரு வேடிக்கையான சோதனை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்தது. ஒரு நடிகரைப் பிடித்து 'கலாநிதி ஃபொக்ஸ்' என்று பெயர் வைத்து, மருத்துவக் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாடு என்று தலைப்பும் கொடுத்து உளமருத்துவர்கள், உளவியலாளர்கள் முன்னிலையில் பேச விட்டார்கள். அவருக்கு விடயம் எதுவும் தெரியாது. முன்னுக்குப் பின் முரணாகவும் பொருளில்லாமலும், ஆனால் சுவையாகவும் சிரிக்கச் சிரிக்கவும் பேசும்படி பயிற்சி கொடுத்திருந்தார்கள். கேட்டவர்கள் படிவத்தில் நல்ல புள்ளி போட்டார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. இவர்கள் படித்த பெரியவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஒரு தடவை நடந்த வேடிக்கை என்று அதை ஒதுக்கிவிடலாம். அமெரிக்க விமானப்படை அக்கடமியில் செய்யப்பட்ட ஆய்வை அப்படி ஒதுக்க முடியாது. அங்கே எந்த மாணவர் எந்த ஆசிரியரிடம் போவது என்பதைக் குலுக்கல் போலவே தீர்மானிக்கிறார்கள். எல்லா வகுப்புக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே பரீட்சை. அடுத்து வரும் பாடங்களையும் கட்டாயம் எடுத்தாக வேண்டும். ஆகவே கெட்டிக்காரப் பிள்ளைகள் நல்ல ஆசிரியரைத் தேடிப் போனார்கள் என்ற சாட்டுக்கு இடமில்லை. ஸ்கொட் கரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவரின் பெறுபேறுகளைப் பார்த்து 2010 இல் வெளியிட்ட முடிவு இது: நுண்கணிதத்தின் முதற் பாடத்தில் அனுபவம் குறைந்த ஆசிரியரின் மாணவர்கள் அந்தப் பரீட்சையில் கூடிய புள்ளி எடுத்தார்கள், ஆசிரியருக்கும் கூடிய புள்ளி போட்டார்கள். ஆனால் அடுத்தடுத்த பாடங்களில் முன்னுக்கு வந்தவர்கள் அனுபவம் கூடிய ஆசிரியரிடம் படித்தவர்களே. அதாவது முதல் வருடம் மாணவர் குறைத்து மதிப்பிட்ட ஆசிரியரின் பலன் பின்னால்தான் தெரிந்தது.

இதை வாசித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன்.

கார்ல் வீமனின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 2001 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். 2004 இல் மேலே சொன்ன 'ஆண்டின் பேராசிரியர்' விருதும் அவருக்குக் கிடைத்தது. ஆய்வு, கற்பித்தல் இரண்டிலும் உச்சப் பரிசு பெற்றவர் என்றால் மிச்சக் காலத்தைக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்கியே கழித்திருக்கலாம். அவர் பௌதிகவியல் ஆய்வுகூடத்தை விட்டு, மாணவர் எப்படிக் கற்கிறார்கள் என்ற ஆய்வுக்கு வந்தார். எங்கள் விஞ்ஞான ஆசிரியர்கள் இலவசமாகப் பயன்படுத்தும் 'ஃபெட்' என்ற கணினிச் செய்முறைகளை 2002 இல் தொடக்கி வைத்தவரும் அவர்தான். அவற்றில் சில தமிழிலும் உண்டு.

2011 இல் அவருடைய குழு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனையை நடத்தி வெளியிட்டது. ஒரே பாடத்தைப் படிக்கும் இரண்டு பெரிய வகுப்புகள். ஒன்றில், மாணவர் மதிப்பீட்டில் உயர்ந்த புள்ளி பெறும் அனுபவசாலி வழமைபோல விரிவுரை செய்தார். மற்றதில், கற்பித்த அனுபவம் குறைந்த இளம் ஆய்வாளர் ஒருவர் கேள்வி கொடுத்து, குழுவாகக் கதைக்க விட்டு, பதிலைத் திருத்தி நடத்தினார். ஒரு வாரம்தான். பிறகு இரு வகுப்புக்கும் ஒரே சோதனை. அனுபவசாலியின் வகுப்பின் சராசரி 41 சதவீதம், இளையவரின் வகுப்பினது 74. விருதுக்கு ஆள் தேடுபவர்கள் முதலில் யாருடைய கதவைத் தட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 2019 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. இப்படித் தாமே முட்டி மோதிப் படித்த மாணவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தும், நல்ல விரிவுரையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களை விடக் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். மூளை கஷ்டப்படும்போது விளங்கவில்லை என்று தோன்றுகிறது. கோர்வையாக ஒருவர் பேசும்போது எல்லாம் விளங்கியது போல இருக்கிறது.

இதற்காக மாணவர் படிவத்தைக் கிழித்தெறியச் சொல்ல நான் வரவில்லை. விரிவுரையாளர் நேரத்துக்கு வருகிறாரா, மரியாதையாக நடத்துகிறாரா, சந்தேகம் கேட்டால் எரிந்து விழுகிறாரா என்பதை மாணவரை விட வேறு யாரும் சொல்ல முடியாது. கற்றதன் ஆழத்தை அன்றைக்கே அவரிடம் கேட்பதுதான் பிழை. வீமன் 2014 இல் சாரா கில்பேர்ட்டுடன் சேர்ந்து முன்வைத்த முறை, ஆசிரியர் நல்லவரா என்று கேட்பதை விட்டு, வகுப்பில் என்ன செய்கிறார் என்று கேட்கிறது: மாணவருக்குக் கதைக்க நேரம் கொடுக்கிறாரா, தவணைக்கு நடுவில் கருத்துக் கேட்டுப் பாடத்தை மாற்றுகிறாரா என்று இப்படி. டெக்சாஸின் பேய்லர் பல்கலைக்கழகம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வழங்கும் செரி விருதில் வேறொரு நல்ல அம்சம் உண்டு. இறுதிச் சுற்றுக்கு வருபவர்கள் அங்கே வந்து விரிவுரை நிகழ்த்த வேண்டும், வென்றவர் ஒரு பருவம் தங்கிப் படிப்பிக்க வேண்டும். பரிசு இரண்டரை இலட்சம் டொலர். வென்றவரின் சொந்தத் துறைக்கும் பணம் போகிறது. ஓர் ஆசிரியர் தனியே உருவாவதில்லை என்பது அவர்களுக்கு விளங்கியிருக்கிறது.

நமது பல்கலைக்கழகங்களிலும் பேராசிரியர் பதவி உயர்வுக்கான புள்ளித் திட்டத்தில் ஆய்வோடு கற்பித்தலுக்கும் இடம் உண்டு, மாணவர் படிவமும் உண்டு. பாடசாலையில் நிலைமை இன்னும் இறுக்கம். எத்தனை ஏ, எத்தனை பேர் பல்கலைக்கழகம் போனார்கள் என்பதுதான் அளவுகோல். சித்தி வீதம் கூடினால் மாலை, குறைந்தால் விளக்கம். நானும் அந்த மாலையை ஓரிரு தடவை போட்டிருக்கிறேன், பொய் சொல்லக் கூடாது.

கடிதத்தை முடிக்க நாலு நாள் எடுத்தது. உயர்தர வகுப்பில் ஒரு மாணவி போன வருடம், "சேர், இந்தச் செய்யுளுக்குப் பாடப்புத்தகத்தில ஒரு உரை இருக்கு, ட்யூஷன்ல வேற மாதிரிச் சொன்னாங்க, எது சரி?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. இரண்டையும் கரும்பலகையில் எழுதி, எது பொருந்தும் என்று வகுப்பைக் கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றேன். யாருடைய மௌனம் அது என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. கடிதத்தில் இதைத்தான் எழுதினேன். கடைசிப் பந்தியில் அந்தப் படிவத்தைப் பற்றியும், நான் போட்ட இரண்டைப் பற்றியும் எழுதிக் கையொப்பம் வைத்தேன். வாசித்துப் பார்த்த தம்பி போன் எடுத்து, "நானா, அந்தப் பந்தியை வெட்டுவமா? குழு பிழையா எடுக்கும்" என்றார். வெட்ட வேண்டாம் என்று சொன்னேன். முடிவு இன்னும் வரவில்லை.