பொத்தானை அழுத்தினால் விமானம் நிமிருமா?

குற்றாலம் பேரருவியின் உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். மணிக்கு 720 கிலோமீட்டர் வேகத்தில் செங்குத்தாகப் பாயும் போர்விமானத்துக்கு அது நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாத தூரம். விமானி தன் எடையைப் போல் ஐந்து மடங்கு சுமையைத் தாங்கி மூக்கை நிமிர்த்தினாலும், விமானம் நேராவதற்குள் சுமார் 900 மீட்டர் உயரம் போய்விடும். அதாவது, பதினைந்து பேரருவிகள். வேகம் 900 கிலோமீட்டரானால் இழப்பு 1,400 மீட்டர். சாரல் பொழுதில் தென்காசி வீடொன்றில் கணினி முன் உட்கார்ந்து இரண்டாம் உலகப்போர் விமானம் ஓட்டும் இளைஞருக்கு இந்தக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. சிமுலேட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆட்டோபைலட் பொத்தானை அழுத்தியதும் விமானம் அலுங்காமல் நேராகிவிட்டால், அங்கே இயற்பியல் கைவிடப்பட்டுவிட்டது என்று பொருள்.

அந்தக் காலத்து ஸ்பிட்ஃபயர் போன்ற போர்விமானங்களில் ஆட்டோபைலட்டே கிடையாது. குண்டுவீச்சு விமானங்களில் இருந்ததும் நேர்ப்பாதையையும் மட்டத்தையும் காக்கும் சுழல்காட்டிக் கருவிதான். வேகம் இரட்டித்தால் வால்பகுதியில் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும். கட்டுப்பாட்டுத் தண்டு கல்லாய் இறுகும். ஒலியின் வேகத்தை நெருங்கிய அமெரிக்க பி-38 விமானத்தில் தண்டை இழுத்தும் மூக்கு கீழேயே போனது. அதற்கென இறக்கையடியில் தனி மடல்கள் பொருத்த வேண்டியதாயிற்று. பர்மா போர்முனையில் இந்திய விமானப்படையின் 7, 8-ஆம் படைப்பிரிவுகள் வெஞ்சன்ஸ் விமானத்தில் ஏறக்குறைய செங்குத்தாகப் பாய்ந்து குண்டு வீசின. வேகத்தை அடக்கியவை இறக்கையின் பிரேக்குகள்; நிமிர்த்தியது விமானியின் கை.

ஜெர்மானிய ஸ்டூகாவில் தானே நிமிரும் ஏற்பாடு இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் குண்டை விடுவித்ததும் இயங்கிய அந்த ஏற்பாடு, பிரேக்குகளால் வேகம் அடங்கிய விமானத்துக்கானது. இன்றைய எஃப்-16 இல் 2014 முதல் உள்ள தரைமோதல் தவிர்ப்பு அமைப்பு, மயங்கிய விமானியையும் காப்பாற்றியிருக்கிறது. அதுவும் உயரம், வேகம், நிலப்பரப்பு மூன்றையும் கணக்கிட்டு, அந்த விமானத்தின் வால்பகுதியை அசைத்துத்தான் மீட்கிறது. சூலூர்த் தளத்துக்கு வந்த தேஜஸ் போர்விமானத்தில் தண்டுக்கும் இறக்கையின் அசையும் மடல்களுக்கும் நடுவே கணினி நின்றாலும் காற்றின் விதி அதற்கும் உண்டு. விளையாட்டுக்கு இவ்வளவு கறார் எதற்கு என்பது அடுத்த கேள்வி. புதியவருக்கு உதவி வேண்டும்தான். ‘எளிய முறை’ என்று பெயரிட்டுக் கொடுக்கட்டும். ‘முழு நிஜம்’ என்று விற்கும் முறையில் அதை ஒளித்துவைப்பதே தவறு. அதைவிட மோசம், துரத்தும் மனிதரின் தண்டு இறுகியிருக்க, கணினி ஓட்டும் எதிரி மட்டும் அதே பாய்ச்சலிலிருந்து சுளுவாக நிமிர்ந்து பறப்பது.