புக்காரி அடுப்பும் அடைத்த சன்னலும்

மார்கழி என்றால் ஊரில் நமக்குக் கோலமும் வெண்பொங்கலும்தான் நினைவுக்கு வரும். வடக்கே வந்த பிறகு மார்கழி என்றால் ரஜாய், ஹீட்டர், அங்கீட்டி என்று ஆகிவிட்டது. சென்ற மாதம் நம் சங்க விழாவில், புதிதாகக் குடிவந்துள்ள ஓர் இளம் தம்பதியர், "சார், ராத்திரி படுக்கையறையில் அங்கீட்டி வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார்கள். "கூடவே கூடாது" என்றேன். காரணம் சொல்லாத அறிவுரை மனத்தில் நிற்காது. எனவே இந்தக் கட்டுரை.

2013 ஜூன் மாதத்தில் பீர் பஞ்சால் மலையைக் குடைந்து அமைத்த சுமார் 11 கிலோமீட்டர் சுரங்கப்பாதை வழியாகப் பனிஹாலுக்கும் காஜிகுண்டுக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. அந்தக் குளிர்காலத்தில் பணி நிமித்தமாக நானும் என் மனைவியும் காஜிகுண்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். டிசம்பர் 21 முதல் 40 நாள் நீடிக்கும் கடுங்குளிரைக் காஷ்மீரில் 'சில்லைக் கலான்' என்பார்கள். குழாயில் தண்ணீர் உறைந்துவிடும். பெரன் என்னும் நீண்ட அங்கிக்குள் காங்ரி என்ற தணல் சட்டியை வைத்துக்கொண்டே மக்கள் நடமாடுவார்கள்.

வீட்டுக்குள் துணை, புக்காரி என்னும் விறகு அடுப்பு. இரும்புத் தகட்டால் ஆன உருளை. கீழே காற்றுக்கும் சாம்பலுக்கும் ஒரு சிறு கதவு. மேலிருந்து வெளியே செல்லும் தகரப் புகைக்குழாய். குழாயினுள் திருப்பி மூடும் ஒரு டாம்பர் தகடு. அவ்வளவுதான். எங்கள் குடும்பமே அதைச் சுற்றித்தான் நடந்தது. உறைந்த தேங்காய் எண்ணெய் அதன் அருகில்தான் உருகும். இட்லி மாவு பொங்குவதும், தயிர் தோய்வதும், துணி காய்வதும் அதன் தயவில்தான்.

விறகில்தான் சூட்சுமம் இருக்கிறது. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அத்தகைய ஒரு கிலோ விறகில் கிடைக்கும் வெப்பத்தில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். மிஞ்சுவது சுமார் 2,000 கிலோகலோரி. நன்றாக உலர்ந்த விறகானால் சுமார் 3,400 கிடைக்கும். ஈர விறகின் புகை, குழாயின் உட்புறம் தார் போலப் படியும். அது ஒருநாள் தீப்பிடித்தால் கூரைக்கே ஆபத்து.

வீட்டுக்காரப் பெரியவர் முதல் நாளே, "சன்னலின் மேலே உள்ள கையகல இடைவெளியை மட்டும் அடைக்காதீர்கள்" என்று சொல்லியிருந்தார். ஜனவரியில் ஓர் இரவு, குளிர் தாங்காமல் அதில் பழைய துணியைத் திணித்தேன். விறகு மிச்சமாகட்டும் என்று டாம்பரையும் முக்கால்வாசி மூடிவிட்டுப் படுத்தேன். இரவு 2 மணிக்கு மனைவி, "தலை வெடிக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது" என்று எழுந்தவள், இரண்டடி வைப்பதற்குள் சுவரோடு சரிந்தாள். எனக்கும் கால்கள் துவண்டன. எப்படியோ கதவைத் திறந்து அவளை வெளியே பனியில் இழுத்துப்போட்டேன். பெரியவர் ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றார். ஆக்சிஜன் கொடுத்தார்கள். பிழைத்தோம்.

நீராவி இன்ஜின் ஷெட்டில் வேலையைத் தொடங்கியவன் நான். காற்று போதாத நெருப்பு என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியாததல்ல. போதிய காற்று கிடைத்தால் கரி எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகும். கிடைக்காவிட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் பற்றிக்கொள்ளும். நெருப்பு தணியும்போது குழாய் ஆறி, புகையை மேலே இழுக்கும் வேகம் குறைகிறது. ஆனால் தணல் அந்த வாயுவை விட்டுக்கொண்டே இருக்கிறது. ஆகவே புகை கண்ணில் படாத பின்னிரவுத் தணல்தான் அதிகம் அஞ்சத்தக்கது.

புக்காரிக்காவது குழாய் உண்டு. நம் குடியிருப்புகளில் வைக்கும் கரி அங்கீட்டிக்கு அதுவும் இல்லை. அறையில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தால் போதும் என்கிறார்கள். இந்த வாயு தண்ணீரில் மிகச் சொற்பமாகவே கரையும். வாளி நம்மைக் காப்பாற்றாது. விளக்கு அணையவில்லையே என்றும் நம்பவேண்டாம். ஆளைக் கொல்லும் அளவு வாயு இருந்தாலும் விளக்கு எரியும்.

எனவே அன்பர்களே, அங்கீட்டியை வெளியிலேயே வைத்துக் குளிர் காயுங்கள். தூங்கும் அறைக்குள் தணலைக் கொண்டுபோகாதீர்கள். புகைக்குழாய் உள்ள அடுப்பானாலும் சன்னலில் கையகலம் திறந்திருக்கட்டும். பருவத் தொடக்கத்தில் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இப்போது கடைகளில் கிடைக்கிறது. ஒன்று வாங்கி மாட்டுங்கள். வீட்டில் ஒரே நேரத்தில் இருவருக்குத் தலைவலியும் குமட்டலும் வந்தால், சாப்பாட்டைச் சந்தேகிக்கும் முன் எல்லோரும் வெளியே வாருங்கள். பிறகு தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

இன்றும் எங்கள் வீட்டில் குளிர்கால இரவில் கடைசியாகப் படுப்பவள் என் மனைவிதான். சன்னல் திறந்திருக்கிறதா என்று அவளே பார்த்துவிட்டு வருகிறாள். அந்த விஷயத்தில் என்னை அவள் நம்புவதில்லை; நானும் மறுத்துப் பேசுவதில்லை.