கணினிக் குளிர்விப்பானைச் சோதித்தறிதல்

மின்சாரத்தால் இயங்கும் பொறி எதுவாயினும், அது பெறும் மின்வலுவில் ஒரு பகுதி வெப்பமாகிக் கழிவது இயல்பு. மின்விளக்கு ஒளியைத் தருகின்றது. மின்விசிறி காற்றோட்டத்தைத் தருகின்றது. அவற்றுடன் வெப்பமும் கூடவே வருகின்றது. ஆனாற் கணினியின் மூளை எனப்படும் செயலியின் நிலை சற்றே வேறானது. அது செய்யுந் தொழில் கணக்கிடுதல். அத்தொழிலில் தூக்கி வைக்கப்படும் பாரமுமில்லை, சுழற்றப்படும் சக்கரமுமில்லை. ஆதலின் செயலிக்குள் 100 உவாற்று மின்வலு புகுந்தால், ஏறக்குறைய அந்த 100 உவாற்றும் வெப்பமாகவே வெளிவருதல் வேண்டும்.

நூறு உவாற்று என்பது ஒரு பெரிய தொகையா என்று நேயர்கள் வினவலாம். வீட்டிலே துணிக்கு மடிப்பிடும் மின்னழுத்தியை எண்ணிப் பாருங்கள். 1000 உவாற்று மின்னழுத்தியின் அடித்தட்டு 200 சதுர சதமமீற்றர் பரப்புடையது எனக் கொண்டால், ஒவ்வொரு சதுர சதமமீற்றருக்கும் கிடைப்பது 5 உவாற்றே. இக்காலத்துச் செயலிகள் சிலவற்றில் வெப்பம் பிறக்கும் சிலிக்கன் சில்லின் பரப்போ 70 சதுர மில்லிமீற்றர் அளவினது. ஒரு விரல் நகத்தளவு எனலாம். அதிலே 100 உவாற்று பிறக்குமாயின், சதுர சதமமீற்றர் ஒன்றுக்கு 140 உவாற்றுக்கு மேலாகின்றது. மின்னழுத்தியினும் 25 மடங்குக்கு மேற்பட்ட செறிவு இது. இவ்வெப்பத்தை இடையறாது அகற்றாவிடிற் செயலி சில நொடிகளிலேயே தன் எல்லையை எட்டிவிடும்.

இதனை அகற்றுவதற்கென அமைந்த சாதனமே காற்றுக் குளிர்விப்பான். கடைக்காரர் இதனைக் ‘கூலர்’ என்பர். செயலியுடன் பெட்டியிலேயே சிறியதொரு குளிர்விப்பான் கிடைப்பதுண்டு. அதனைக் கழற்றிவிட்டு, வேறு நிறுவனத்தார் தனியே செய்து விற்கும் பெரியதொன்றைப் பூட்டிக்கொள்வாரும் உளர். விற்போர் ஒவ்வொருவரும் தத்தம் பொருளே சிறந்ததெனக் கூறுவர். பணங்கொடுத்து வாங்குபவர் எதனை நம்புவது? அளந்து பார்த்தலே இதற்கு விடை. அவ்வளவையிற் பிழை எவ்வெவ்வாறு நுழையும், அதனை எவ்வாறு விலக்குவது என்பனவே இன்று நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

முதற்கண் இச்சாதனம் இயங்குமாற்றை அறிதல் நன்று. செயலியின் மேல் ஓர் அடித்தட்டு அழுந்தி நிற்கின்றது. அதிலிருந்து செப்பாலான வெப்பக்குழாய்கள் மேலெழுந்து, அடுக்கடுக்கான அலுமினியச் செட்டைத் தகடுகளினூடே செல்கின்றன. குழாய் வெறுஞ் செப்புக் கம்பியன்று. அதன் உள்ளிருந்து காற்றை அகற்றி, சிறிதளவு நீரை இட்டு, இரு முனைகளையும் அடைத்துள்ளார்கள். அழுத்தம் குறைந்தமையால், 100 பாகைக்கு மிகக் கீழான வெப்பநிலையிலேயே நீர் ஆவியாகின்றது. சூடான முனையில் எழும் ஆவி, குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே நீராக மாறி, தான் சுமந்து வந்த வெப்பத்தைத் தகடுகளிடம் ஒப்படைக்கின்றது. பின்னர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்டுளைகள் வழியே அந்நீர் மீண்டும் சூடான முனையைச் சேர்கின்றது. இக்கருத்துக்கு 1944ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஒருவர் காப்புரிமை பெற்றிருந்தார். எனினும் 1963இல் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் என்பார் அதனைத் தாமே தனித்துக் கண்டு, செய்து காட்டிய பின்னரே அது உலகிற் பரவியது. விண்கலங்களுக்குப் பயன்பட்ட அம்முறை இன்று மேசைக் கணினிக்குள்ளும் புகுந்துவிட்டது. இறுதியாக, மின்விசிறி தகடுகளின் இடையே காற்றைச் செலுத்தி வெப்பத்தை அறைக்குள் விடுகின்றது. அறைக்குள் விடுகின்றது என்பதை மறவற்க. எத்துணைச் சிறந்த குளிர்விப்பானாயினும் அறையைக் குளிர்விக்காது. செயலியின் வெப்பத்தை இடம் மாற்றுவது மட்டுமே அதன் பணி.

இனி அளவைக்கு வருவோம். ஒருவர் தமது செயலி 62 பாகையில் நிற்பதாகக் கூறுகின்றார். வேறொருவர் தமது செயலி 66 பாகையில் நிற்பதாகக் கூறுகின்றார். முன்னவரின் குளிர்விப்பானே சிறந்தது என முடிவு கட்டலாமா? கூடாது. சூடான பொருளொன்று வெப்பத்தை இழக்கும் வீதம், அதற்கும் சூழலுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது என்று நியூற்றன் 1701ஆம் ஆண்டிலே, தம் பெயரைக் குறிப்பிடாது வெளியிட்ட கட்டுரையொன்றிற் காட்டினார். விசிறியின் காற்றிலே குளிரும் பொருளுக்கு இவ்விதி நன்கு பொருந்தும். ஆதலாற் செயலியின் வெப்பநிலை மட்டும் போதாது. அறையின் வெப்பநிலையும் செயலி பெற்ற மின்வலுவும் தெரிதல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். முன்னவர் சோதித்தது 22 பாகையுள்ள குளிர்நாட்டு அறை. பின்னவர் சோதித்தது 30 பாகையுள்ள கொழும்பு அறை. இருவர் செயலிக்கும் 100 உவாற்றே கொடுக்கப்பட்டது. 62 இலிருந்து 22ஐக் கழித்தால் 40. அதை 100ஆல் வகுத்தால், உவாற்று ஒன்றுக்கு 0.40 பாகை ஏற்றம். 66 இலிருந்து 30ஐக் கழித்தால் 36. அதாவது உவாற்று ஒன்றுக்கு 0.36 பாகை. கூடிய வெப்பநிலையைக் காட்டிய பின்னவர் குளிர்விப்பானே உண்மையிற் சிறந்தது. இவ்வெண்ணை வெப்பத்தடை என்பர். இது எத்துணைக் குறைகின்றதோ, அத்துணை நன்று. பிறநாட்டுச் சோதனைகளைப் படிக்கும் நம்மவர் இக்கணக்கை மறத்தலாகாது. கொழும்பின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 27 பாகை; நுவரெலியாவிலோ ஏறக்குறைய 16 பாகை. ஒரே கணினியை மலையிலிருந்து கரைக்குக் கொண்டுவந்தாற் செயலியின் வெப்பநிலையும் ஏறக்குறைய அந்த வேறுபாட்டளவு உயரும். அதற்காகக் குளிர்விப்பானைக் குறைகூறுதல் நியாயமன்று.

மற்றொரு பொறி உண்டு. இது பலரையும் ஏமாற்ற வல்லது. இக்காலச் செயலிகள் தம் வெப்பநிலையைத் தாமே அளந்துகொள்கின்றன. குறித்த எல்லையை எட்டியதும், எரிந்து போகாதவாறு தம் வேகத்தையும் மின்வலுவையும் குறைத்துக்கொள்கின்றன. ஏ.எம்.டி. நிறுவனம் 2022இல் வெளியிட்ட ரைசன் 7000 வரிசைச் செயலிகள் பலவற்றுக்கு அவ்வெல்லை 95 பாகை. இன்ரெல் நிறுவனத்தின் செயலிகள் பலவற்றுக்கு 100 பாகை. முன்சொன்ன இரு குளிர்விப்பான்களையும், 95 பாகை எல்லையுள்ள செயலியொன்றில், 30 பாகை அறையில், எல்லைவரை ஓட்டுவோமாயின் இரண்டும் 95 என்றே காட்டும். இரண்டும் சமம் என்று சொல்லிவிடலாமா? எஞ்சிய 65 பாகை ஏற்றத்தில் ஒன்று 162 உவாற்றை அகற்றுகின்றது. மற்றது 180 உவாற்றை அகற்றுகின்றது. வேறுபாடு வெப்பமானியில் இல்லை. மின்வலுவில் மறைந்து கிடக்கின்றது. ஆகவே மின்வலுவை ஒரே அளவில் நிறுத்தி வெப்பநிலையை ஒப்பிடல் வேண்டும். அன்றேல் வெப்பநிலை எல்லையில் நிற்கையில் மின்வலுவை ஒப்பிடல் வேண்டும். இரண்டில் ஒன்றை நிறுத்தாமல் மற்றதை அளப்பது, ஒருபுறம் படிக்கல் இல்லாத தராசில் நிறுப்பதை ஒக்கும்.

இனி, செயலியை முழுமூச்சாக உழைக்கச் செய்வது எவ்வாறு? இதற்கெனப் பலரும் எடுத்தாளும் மென்பொருள் பிரைம் 95 என்பது. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவியின் பெயரால் வழங்கும் பகாவெண்களைத் தேடுவதற்காக ஆக்கப்பட்டது அது. ஓய்வின்றிப் பெருக்கலைச் செய்விப்பதாற் செயலியைப் பெரிதும் சூடாக்கும். ஆயினும் அன்றாட வேலையில் அவ்வளவு சுமை ஏறுவதரிது. எனவே நிழற்பட ஆக்கம், காணொளித் தொகுப்பு முதலிய உண்மை வேலை ஒன்றையும் சேர்த்துச் சோதித்தல் தக்கது.

எவ்வளவு நேரம் சோதிப்பது? ஒரு கிலோகிராம் அலுமினியத்தின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஏறக்குறைய 900 யூல் வெப்பம் வேண்டும். 100 உவாற்று கொடுத்தால் 9 நொடிக்கு ஒரு பாகையே ஏறும். ஆகையாற் பாரமான குளிர்விப்பானொன்று முதல் இரண்டொரு நிமிடங்களில் வெப்பத்தை விழுங்கிக்கொண்டு, தன் உண்மை நிலையை மறைத்து நிற்கும். வெப்பநிலை மேலும் ஏறாது நிலைகொள்ளும்வரை, அதாவது அரைமணி நேரமளவு, பொறுத்தல் வேண்டும். அந்த நேரத்தில் அறையும் சூடேறக்கூடும். ஆதலின் விசிறி காற்றை உள்ளிழுக்கும் இடத்திலே ஒரு வெப்பமானியை வைத்து, செயலியின் வெப்பநிலையோடு அதனையும் குறித்து வருதல் அவசியம்.

செயலிக்கும் அடித்தட்டுக்கும் இடையே தடவும் பசையும் கவனத்துக்குரியது. இரு உலோகப் பரப்புக்கள் எவ்வளவு வழவழப்பாயினும், அவை நெருங்கும்போது நுண்ணிய இடைவெளிகளிற் காற்று தங்கும். செப்போ வெப்பத்தைக் காற்றினும் பன்னாயிரம் மடங்கு நன்றாகக் கடத்துவது. அந்தக் காற்றை விரட்டுவதே பசையின் தொழில். பசை மிகுந்தாலும், திருகாணிகள் ஒருபுறம் தளர்ந்தாலும், விடை சில பாகை மாறிவிடும். ஆகவே எல்லாக் குளிர்விப்பான்களுக்கும் ஒரே பசையை இட்டு, ஒவ்வொன்றையும் மும்முறை கழற்றிப் பூட்டிச் சோதித்துச் சராசரி காண்பர் கவனமுடையோர். மும்முறையும் வந்த விடைகள் தம்முள் இரண்டு பாகை வேறுபடுமாயின், இரு குளிர்விப்பான்களிடையே காணும் ஒரு பாகை வேறுபாட்டை வெற்றியெனப் பறைசாற்றுதல் பொருந்தாது.

அடுத்து, ஓசை. விசிறியை விரைவாகச் சுழற்றினாற் காற்று மிகும், இரைச்சலும் மிகும். வேகத்தை இரட்டித்தால் ஓசை ஏறக்குறைய 15 தெசிபல் உயரும் என்பது விசிறிப் பொறியியலார் கொள்ளும் விதி. 10 தெசிபல் உயர்வே நம் செவிக்கு இருமடங்காகத் தோன்றும். எனவே இரைந்து பெற்ற குளிர்ச்சியையும் அமைதியாகப் பெற்ற குளிர்ச்சியையும் ஒரே வரிசையில் வைத்தல் தகாது. விசிறிகளின் வேகத்தைத் திருத்தி, ஒரே தூரத்திலிருந்து அளக்கையில் எல்லாம் ஒரே தெசிபல் காட்டுமாறு செய்து, பின்னர் வெப்பநிலையை ஒப்பிடுவதே நேரிய முறை. ஒஸ்திரிய நாட்டு நொக்டுவா நிறுவனம் 2014இல் வெளியிட்ட இரட்டைக் கோபுரக் குளிர்விப்பான் இதற்கோர் எடுத்துக்காட்டு. ஆறு வெப்பக்குழாய்களும் இரு பெரிய விசிறிகளும் உடைய அது, விசிறிகளோடு 1.3 கிலோகிராம் நிறையும் 165 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. பரந்த தகடுகள் இருப்பதால் விசிறி மெதுவாகச் சுழன்றாலே போதும் என்பது அத்தகைய அமைப்பின் நோக்கம். ஆனால் அந்த உயரம் தம் கணினிப் பெட்டிக்குள் அடங்குமா என்பதை வாங்குமுன் அளந்து பார்க்காதவர், பெட்டியின் மூடியைத் திறந்தே வைக்க நேரும்.

இவற்றையெல்லாம் அறிந்தபின் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. இச்செலவு வேண்டியதுதானா? முன் கண்ட கணக்கில், சிறந்த குளிர்விப்பான் பத்து வீதத்துக்குச் சற்றே கூடிய மின்வலுவுக்கு இடமளித்தது. ஆனாற் செயலியின் வேகம் ஏறும்போது மின்னழுத்தமும் ஏறவேண்டியிருப்பதால், மின்வலு வேகத்தினும் மிக விரைவாக உயர்கின்றது. அவ்வளவு மேலதிக மின்வலு பெரும்பாலும் மூன்று நான்கு வீத வேகத்தையே தரும். 65 உவாற்றுச் செயலியிற் கடிதம் தட்டச்சுச் செய்வோருக்கும் பாடங் கற்கும் மாணவருக்கும், பெட்டியோடு வந்த குளிர்விப்பானே போதியது. நெடுநேரம் கனமான வேலை செய்வோர்க்கும், இரைச்சலைப் பொறுக்கமாட்டாதவர்க்குமே பெரியது பயன்தரும்.

பழைய கணினியொன்று இப்போது மெதுவாக ஓடுகின்றதெனக் கருதுவோர், அதனை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்குமுன் இந்தச் சோதனையைத் தாமே செய்து பார்க்கலாம். அறை வெப்பமானி ஒன்றும், செயலியின் வெப்பநிலையையும் மின்வலுவையும் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றும், அரைமணி நேரப் பொறுமையுமே இதற்கு வேண்டியவை. வெப்பநிலை எல்லையைத் தொட, மின்வலு வீழ்ந்து கிடக்குமாயின், செயலி முதுமையடைந்ததென எண்ணற்க. கணினியை நிறுத்தி, மின்னிணைப்பை நீக்கி, செட்டைத் தகடுகளின் இடையே படிந்த தூசியைத் தூரிகையால் அகற்றுக. உலர்ந்துபோன பசையைத் துடைத்துப் புதிதாக இடுக. பின்னர் அதே அறையில், அதே வேலையைக் கொடுத்து, மறுபடியும் அளந்து, முன்னைய எண்ணோடு ஒப்பிடுக. வெப்பத்தடை குறைந்து, மின்வலு பழைய நிலைக்கு ஏறியிருப்பின், புதுக் கணினிக்கெனச் சேர்த்த பணம் வேறு தேவைக்கு உதவும். ஏறாதுவிடின், அப்போது குளிர்விப்பானை மாற்றலாம். எதனை வாங்குவது என்பதையும் முன்கூறிய கணக்கைக்கொண்டு நீங்களே முடிவு செய்யலாம்.