வீட்டுக்குள்ளும் வேண்டும் ஒரு ‘பாடு’ முறை!

கணவனும் மனைவியும் வேலைக்குப் போவது இப்போது அதிசயமில்லை. ஆனால் இருவரும் ஒரே ஆபீசில், ஒரே நாற்காலிக்காகக் காத்திருந்தால்? அந்த நாற்காலி பெண்ணுக்குக் கிடைத்துவிட்டால்? இதைத்தான் ‘ஃபேர் பிளே’ என்ற ஆங்கிலப் படத்தில் காட்டியிருக்கிறார்கள். 2023-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. எடுத்தவர் குளோயி டொமான்ட் என்ற பெண் இயக்குநர். ‘த்ரில்லர்’ வகைப் படம். பேய் இல்லை, துப்பறிவாளர் இல்லை. ஆனாலும் பார்க்கும்போது கைகால் சில்லிட்டுப் போகிறது.

‘பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீன் ஆயுறவளுக்கு நியூயார்க் படத்தில் என்னம்மா வேலை?’ என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எமிலியும் லூக்கும் பெரும் பணக்காரர்களின் பணத்தை வாங்கி முதலீடு செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். காதலர்கள். மோதிரமும் மாற்றிக்கொள்ளத் தயார். ஆனால் ஆபீஸ் சட்டப்படி அங்கே காதல் கூடாது. அதனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, வெளியே யாரோ போல நடிக்கிறார்கள். மேல் பதவி ஒன்று காலியாகிறது. அது லூக்குக்குத்தான் என்று பேச்சு அடிபடுகிறது. எமிலிக்கு சந்தோஷம் தாங்கவில்லை. கடைசியில் முதலாளி கூப்பிட்டுக் கொடுப்பதோ எமிலிக்கு!

கவனியுங்கள் சகோதரிகளே, பதவி வாங்கிய பெண் துள்ளிக் குதிக்கவில்லை. ‘இதை அவரிடம் எப்படிச் சொல்வேன்?’ என்று தவிக்கிறாள். லூக்கும் வாய்நிறைய வாழ்த்துத்தான் சொல்கிறான். ஆனால் மனசு வெந்துபோகிறது. ‘முதலாளி உன்னிடம் என்ன எதிர்பார்த்துக் கொடுத்தான்?’ என்ற சந்தேகம் தலைதூக்குகிறது. முன்னேறிய பெண்ணைப் பார்த்து எல்லா ஊரிலும் கேட்கிற கேள்விதானே இது! அங்கிருந்து பேச்சு தடித்து, கடைசியில் பலாத்காரம், ரத்தம் என்று போய்விடுகிறது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்கும் படமல்ல, முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

இந்தக் கதை நமக்குப் புதிதா என்ன? 1968-ல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ நினைவிருக்கிறதா? சிவாஜியின் நாதஸ்வரமும் பத்மினியின் பரதமும் மேடையில் மோதின. மனசுக்குள் காதல், வெளியே போட்டி! 1973-ல் ‘அபிமான்’ என்று ஓர் இந்திப் படம். அமிதாப் பச்சன் பாடகர். மனைவி ஜெயாவைப் பாட வைத்ததே அவர்தான். அவள் பேர் தன்னை மிஞ்சியதும் முகம் சுருங்கிப்போகிறது. அதில் முடிவு நல்லபடி அமைகிறது. ஆனால் அதற்குள் அவள் இழந்தது கொஞ்சமில்லை.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். எங்கள் ஏரியில் ‘பாடு’ என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. இறால் நன்றாக விழும் இடம் எல்லோருக்கும்தான் வேண்டும். அதற்காக அடித்துக்கொள்ளக்கூடாது என்று பெரியவர்கள் முறை வைத்தார்கள். இன்று உன் பாடு, நாளை என் பாடு. அடுத்தவன் வலை நிறைந்தால் வயிறு எரியாதா? எரியும். ஆனால் அவன் வலையை அறுக்க மாட்டான். தன் முறை வரும் என்று அவனுக்குத் தெரியும்.

ஒரு குறை உண்டு. அந்தப் பாட்டில் பெண்ணுக்கு இடம் வைக்கவில்லை. கூடை தூக்கி விற்றுக் காசாக்குவது நாங்கள். முறை மட்டும் ஆம்பிளைகளுக்கு. அவர் தண்ணீரில், நான் சந்தையில் என்று வேலை வேறு வேறாக இருந்ததால் வீட்டுக்குள் யார் பெரியவர் என்ற சண்டை அவ்வளவாக எழவில்லை. இன்று பிள்ளைகள் படித்து, ஆணும் பெண்ணும் ஒரே துறையில் வலை போடுகிறார்கள். அங்கேதான் சிக்கல்.

என் அண்ணன் மகள் ஒரு தனியார் கம்பெனியில் இருக்கிறாள். அவளுக்கு நிச்சயம் செய்த பையனும் அதே பிரிவில்தான். போன மாதம் மேற்பார்வையாளர் பதவி இவளுக்கு வந்தது. அவனும் எதிர்பார்த்திருந்தானாம். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை இவளுக்கு. “அத்தே, வேணாம்னு எழுதிக் குடுத்துடட்டுமா? கல்யாணம் நின்னுட்டா அப்பா தாங்க மாட்டாரு” என்றாள். இந்தப் படத்தைத் தன் கைபேசியில் போட்டு எனக்கு அர்த்தம் சொன்னதும் அவள்தான்.

“விட்டுக் குடுத்தா அதோட முடியும்னு நெனைக்கிறியா கண்ணு? நாளைக்கு இன்னொண்ணு வரும், அதையும் விடணும். போய் அவன்கிட்ட நேரா பேசு” என்றேன். பேசினாள். நான்கு நாள் அவன் போன் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் வந்து, “கஷ்டமாத்தான் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீ விட வேணாம்” என்றானாம். எனக்கு அந்த உண்மை பிடித்திருந்தது. கல்யாணம் தை மாதம். முழுசாகத் தெளிந்துவிட்டான் என்று சொல்ல மாட்டேன். பேச்சு நிற்காமல் இருக்கிறது, அதுவே நல்ல அடையாளம்.

பெண்ணைப் பெற்றவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். வருத்தப்படுகிற ஆண் வேறு, வதைக்கிற ஆண் வேறு. கஷ்டமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்பவனுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்கலாம். நடத்தையைச் சந்தேகிப்பது, நாலுபேர் முன் இழிவாகப் பேசுவது, கை ஓங்குவது என்று ஆரம்பித்தால் ‘கல்யாணத்துக்கு அப்புறம் சரியாகிவிடும்’ என்று மூடி மறைக்காதீர்கள். 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் நமக்குத் துணை இருக்கிறது. 181 என்ற எண்ணில் பெண்களுக்கு எந்நேரமும் உதவி கிடைக்கும்.

மகனைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘பொண்டாட்டி உன்னை மிஞ்சிடுவாடா’ என்று கேலிக்குக்கூடச் சொல்லாதீர்கள். இன்று அவள் பாடு, நாளை அவன் பாடு. எந்த வலையில் விழுந்தாலும் இறால் வருவது ஒரே அடுப்புக்குத்தான் என்று சின்ன வயதிலேயே சொல்லி வளருங்கள்.